வளர்ப்பு, நம்பிக்கை, இலக்கிய வடிவம்: ஹாதார்ன், டிக்கின்சன், பால்ட்வின் படைப்புகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

படைப்பாளரின் வளர்ப்பும் சமய நம்பிக்கையும் அவர்தம் எழுத்தில் பாடுபொருளாக வெளிப்படுகின்றன என்பது வாழ்க்கை வரலாற்று அணுகுமுறையின் பொதுவான எடுகோளாகும். தாம் வளர்ந்த நம்பிக்கையிலிருந்து விலகிய படைப்பாளர்களை விளக்க இவ்வெடுகோள் போதுவதில்லை. நத்தானியல் ஹாதார்ன், எமிலி டிக்கின்சன், ஜேம்ஸ் பால்ட்வின் ஆகிய மூன்று அமெரிக்கப் படைப்பாளர்களை எடுத்துக்கொண்டு, அவர்கள் கைவிட்ட நம்பிக்கை அவர்தம் எழுத்தில் கொள்கையாக அன்றி வடிவமாக எஞ்சியதை இக்கட்டுரை ஆராய்கிறது. நம்பிக்கையைக் கைவிடாத ஃபிளனரி ஓ'கானரின் புதினம் ஒன்று இக்கருத்தைச் சோதிக்கும் எதிர்நிலைச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வாழ்க்கை வரலாற்றுத் திறனாய்வு, அமெரிக்க இலக்கியம், தூய்மைவாதம், ஞானப்பாட்டு, பிரசங்கம், இலக்கிய வடிவம்

முன்னுரை

படைப்பாளரின் பிறப்பு, வளர்ப்பு, கல்வி, சமயம் ஆகியவற்றை முதல் இயலில் தொகுத்துரைத்து, அவற்றின் தடயங்களைப் பின்வரும் இயல்களில் படைப்புகளுக்குள் தேடிக் காட்டுவது ஆய்வேடுகளில் நிலைபெற்றுவிட்ட நடைமுறை. வறுமையில் வளர்ந்தவர் வறுமையைப் பாடினார், பக்திச் சூழலில் வளர்ந்தவர் பக்தியைப் பாடினார் என்னும் முடிவுகள் இந்நடைமுறையின் விளைவுகள். இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் இரண்டு வினாக்களுக்கு இம்முறையில் விடை கிடைப்பதில்லை.

முதலாவது, ஒரே வளர்ப்பு ஒரே விளைவைத் தருவதில்லை. எமிலி டிக்கின்சன் வளர்ந்த அதே வீட்டில்தான் அவருடைய அண்ணன் ஆஸ்டினும் தங்கை லவினியாவும் வளர்ந்தனர். ஜேம்ஸ் பால்ட்வினுக்குப் பின் அவ்வீட்டில் எட்டுக் குழந்தைகள் பிறந்தனர். வளர்ப்பே படைப்பாளரை உருவாக்கும் எனில் ஏனையோர் ஏன் அவ்வாறு எழுதவில்லை என்னும் வினா எழுகிறது. இரண்டாவது, குறிப்பிடத்தக்க படைப்பாளர் பலர் தாம் வளர்ந்த நம்பிக்கையை விட்டு வெளியேறியவர்கள். விட்டுவிட்ட ஒன்று எழுத்தை எவ்வாறு உருவாக்கும்?

இவ்விரண்டாம் வினாவே இக்கட்டுரையின் மையம். வளர்ப்பின் வழியாக ஒருவருக்கு வந்து சேர்வது கொள்கை மட்டுமன்று. பேசும் முறை, கேட்கும் முறை, பாடும் முறை, குற்றம் சாட்டும் முறை ஆகியனவும் வந்து சேர்கின்றன. கொள்கையை அறிவால் மறுத்துவிட முடியும். செவிவழி ஊறிய வடிவத்தை அவ்வளவு எளிதில் மறுக்க முடிவதில்லை. மறுப்பையே அவ்வடிவத்தில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இதுவே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

நம்பிக்கையும் மொழிச் செயலும்

இங்கிலாந்திலிருந்து வெளியேறிய தூய்மைவாதக் கிறித்தவர்கள் 1630இல் மாசசூசெட்ஸ் விரிகுடாப் பகுதியில் பெருந்தொகையாகக் குடியேறினர். அவர்களுடைய சமயம் சடங்குகளைக் குறைத்துச் சொல்லை மையப்படுத்தியது. நீண்ட பிரசங்கம் வழிபாட்டின் நடுநாயகமாக இருந்தது. சபையின் முழு உறுப்பினராக விரும்புபவர் தம் உள்ளத்தில் இறையருள் செயற்பட்ட விதத்தைச் சபையார்முன் எடுத்துரைக்க வேண்டியிருந்தது. பாவ அறிக்கை, சபை விசாரணை, நாட்குறிப்பில் தன்னைத்தானே ஆராய்தல் ஆகியவை அன்றாட வாழ்வின் பகுதிகளாயின. பிற்காலத்தில் ஆப்பிரிக்க அமெரிக்கரின் பெந்தெகொஸ்தே சபைகளிலும் பிரசங்கமும் சாட்சி கூறுதலும் பாட்டும் வழிபாட்டின் உயிராக விளங்கின.

இத்தகைய சூழலில் வளரும் குழந்தை, கொள்கையின் பொருளை உணரும் முன்னரே அதன் ஓசையையும் ஒழுங்கையும் கற்றுக்கொள்கிறது. ரால்ஃப் வால்டோ எமர்சன் இதற்குத் தெளிவான சான்று. சபைப் போதகரின் மகனாக 1803இல் பிறந்த அவர், தாமும் போதகராகிப் பின்னர் திருவிருந்துச் சடங்கை நடத்த மனம் ஒப்பாமல் 1832இல் பாஸ்டனின் இரண்டாம் திருச்சபைப் பணியைத் துறந்தார். அதன்பின் அவர் மேற்கொண்ட தொழில் மேடைச் சொற்பொழிவு. பீடம் மாறியது, ஒருவர் நின்று பேசப் பலர் அமர்ந்து தம் உள்ளத்தை ஆராயும் அமைப்பு மாறவில்லை. எமர்சனிடம் வெளிப்படையாகத் தெரியும் இத்தொடர்ச்சி, கீழ்வரும் மூவரிடம் நுட்பமாகவும் முரண்பட்டும் அமைகிறது.

ஹாதார்ன்: தீர்ப்பு வழங்காத நீதிமன்றம்

நத்தானியல் ஹாதார்ன் 1804 ஜூலை 4 அன்று சேலம் நகரில் பிறந்தார். அவருடைய முன்னோரான வில்லியம் ஹாதார்ன் குவேக்கர் பெண் ஒருவருக்குச் சாட்டையடித் தண்டனை விதித்த நீதியதிகாரி. வில்லியத்தின் மகன் ஜான் ஹாதார்ன் 1692ஆம் ஆண்டுச் சேலம் சூனிய வழக்குகளில் விசாரணை நடத்தியவர்களுள் ஒருவர். அவ்வழக்குகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். வழக்கை எதிர்கொள்ள மறுத்த ஒருவர் கற்பாரம் ஏற்றப்பட்டு இறந்தார். கப்பல் தலைவராக இருந்த தந்தை 1808இல் சுரினாமில் நோயுற்று இறந்ததால், ஹாதார்ன் தாய்வழி உறவினரின் அரவணைப்பில் வளர்ந்தார்.

'தி ஸ்கார்லெட் லெட்டர்' (1850) புதினத்தின் முகவுரையான சுங்கச் சாவடிப் பகுதியில் இம்முன்னோர் இருவரையும் நினைவுகூர்ந்து, அவர்களின் பழியைத் தாமே ஏற்பதாக ஹாதார்ன் எழுதுகிறார். வாழ்க்கை வரலாற்று அணுகுமுறை பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடும்: முன்னோர் பாவம், பின்னோர் குற்றவுணர்வு, அதன் வெளிப்பாடாகப் புதினம் என்பது அதன் முடிவு. ஆனால் புதினத்தின் கட்டமைப்பைக் கவனித்தால் மேலும் ஓர் உண்மை புலப்படுகிறது.

சேலம் வழக்குகளின் பெருங்கேடு அங்கு ஏற்கப்பட்ட சான்றின் தன்மையில் இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவரின் உருவம் ஆவி வடிவில் வந்து தம்மைத் துன்புறுத்தியதாகப் பாதிக்கப்பட்டோர் கூறினால், மற்றவர் கண்ணுக்குப் புலப்படாத அவ்வுருவம் நீதிமன்றத்தில் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஒருவர் மட்டுமே கண்டது, ஊரார் அனைவருக்கும் உண்மையாயிற்று. ஹாதார்னின் கதைசொல்லி இம்முறையைத் தலைகீழாக்குகிறார். புதினத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் இறுதியிலும் தண்டனை மேடையே களமாகிறது. இறுதியில் போதகர் டிம்ஸ்டேல் அம்மேடையில் தம் மார்பைத் திறந்து காட்டுகிறார். அங்கு எழுத்தின் தழும்பு இருந்ததாகப் பலர் கூறினர். எதுவுமே இல்லை என்று சிலர் கூறினர். இருந்தது எனில் அது எவ்வாறு தோன்றியது என்பதற்கும் பல விளக்கங்கள் வழங்கின. இவை அனைத்தையும் அடுக்கிவைக்கும் கதைசொல்லி, எதைக் கொள்வது என்பதை வாசகரிடமே விட்டுவிடுகிறார். சேலத்தில் எல்லாரும் காணாத ஒன்று மெய்யாயிற்று. புதினத்திலோ எல்லார் முன்னும் காட்டப்பட்ட ஒன்றே ஐயத்துக்கு உள்ளாகிறது.

1835இல் வெளிவந்த 'யங் குட்மேன் பிரவுன்' சிறுகதையிலும் இவ்வுத்தியே செயற்படுகிறது. இரவுக் காட்டில் தன் ஊராரையும் மனைவியையும் சாத்தானின் கூட்டத்தில் கண்ட இளைஞன், அது கனவா நனவா என்று தெளியாமலேயே அனைவரையும் குற்றவாளிகளாகத் தீர்த்துத் தன் வாழ்நாள் முழுவதையும் இருளில் கழிக்கிறான். தனிக்காட்சியைச் சான்றாகக் கொண்டு தீர்ப்பெழுதும் மனத்தின் அழிவை இக்கதை காட்டுகிறது.

எனவே ஹாதார்ன் மூதாதையரிடமிருந்து பெற்றது குற்றவுணர்வு என்னும் பொருள் மட்டுமன்று. மேடை, சாட்சியம், கூடிநிற்கும் ஊர், வெளிப்பட வேண்டிய மறைபொருள் என்னும் விசாரணையின் முழு அமைப்பையும் அவர் பெற்றார். அதில் தீர்ப்பு என்னும் ஒன்றை மட்டும் நீக்கினார். மூதாதையர் அமர்ந்த இருக்கையில் வாசகர் அமர்த்தப்படுகிறார். ஆனால் தீர்ப்பெழுதத் தேவையான உறுதி அவருக்கு மறுக்கப்படுகிறது.

டிக்கின்சன்: நிறைவு பெறாத ஞானப்பாட்டு

எமிலி டிக்கின்சன் 1830 டிசம்பர் 10 அன்று ஆம்ஹர்ஸ்ட் ஊரில் பிறந்தார். அவருடைய பாட்டனார் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியை நிறுவியவர்களுள் ஒருவர். தந்தை எட்வர்ட் அக்கல்லூரியின் பொருளாளர், வழக்கறிஞர், நாடாளுமன்ற உறுப்பினர். டிக்கின்சன் 1847–48இல் மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்விக்கூடத்தில் பயின்றார். அங்கு மாணவியர், நம்பிக்கையில் உறுதிபெற்றோர், மீட்பின் நம்பிக்கை உடையோர், அந்நம்பிக்கை அற்றோர் என மூன்று பிரிவாக வகுக்கப்பட்டனர். டிக்கின்சன் கடைசிவரை மூன்றாம் பிரிவிலேயே இருந்தார். அக்காலத்தில் தோழிக்கு எழுதிய கடிதங்களில் இதனை அவர் பெருமையாகக் கூறவில்லை. உலகைத் துறந்து சரணடைய இயலாமையை வருத்தத்தோடு பதிவு செய்கிறார். 1850ஆம் ஆண்டு எழுப்புதலின்போது தந்தையும் தங்கையும் சபையில் உறுப்பினராயினர். டிக்கின்சன் இறுதிவரை உறுப்பினராகவில்லை. முப்பது வயதையொட்டி ஆலயம் செல்வதையும் நிறுத்திக்கொண்டார்.

ஆனால் அவர் எழுதிய ஏறத்தாழ 1,800 கவிதைகளில் பெரும்பாலானவை ஞானப்பாட்டின் யாப்பை ஒட்டியவை. ஐசக் வாட்ஸ் முதலியோரின் பாட்டுகளால் நியூ இங்கிலாந்துச் சபைகளில் பெருவழக்காயிருந்த அந்த யாப்பு, எட்டு, ஆறு, எட்டு, ஆறு என ஒலியசைகள் அமையும் நாலடி வடிவம். தமிழ் யாப்பின் அசை வேறு. ஆங்கிலத்தில் ஓர் உயிரொலியைச் சார்ந்த ஒலிக்கூறே இங்கு அசை எனக் கொள்ளப்படுகிறது. நீண்ட அடி எழுப்பும் எதிர்பார்ப்பைக் குறுகிய அடி நிறைவு செய்ய, அடியிறுதி இயைபு அதற்கு முத்திரையிடுகிறது. சபையார் ஒன்றாகப் பாடுவதற்கென அமைந்த இவ்வடிவம், ஐயத்துக்கு இடமற்ற உறுதியை ஓசையாலேயே நிலைநாட்டுகிறது.

டிக்கின்சன் இவ்வடிவத்தை ஏற்று, அதன் முத்திரையை மட்டும் தளர்த்தினார். முழுமையாகப் பொருந்தாத இயைபுகளை அடியிறுதிகளில் வைத்தார். இடைக்கோடுகளால் அடிகளை நிறுத்தி, தொடர் முடிந்ததா தொடர்கிறதா என்பதைத் தெளிவற்றதாக்கினார். இறப்பு, அழிவின்மை, இறைவனின் மௌனம் ஆகியவை பற்றிய கவிதைகளில் செவி ஒரு நிறைவை எதிர்பார்க்கிறது. கவிதை அந்நிறைவைத் தருவதில்லை. சபையில் கூட்டாக ஒலித்த பாட்டு, ஓர் அறைக்குள் தனிக்குரலாகிறது.

இங்கு வடிவத்தின் இன்றியமையாமை தெளிவாகிறது. 1855இல் வால்ட் விட்மன் வெளியிட்ட 'லீவ்ஸ் ஆஃப் கிராஸ்' கட்டற்ற நெடிய அடிகளைக் கொண்டது. அத்தகைய அடிகளில் டிக்கின்சனின் ஐயம் கருத்தாக வெளிப்பட்டிருக்கலாம், ஓசையாகக் கேட்டிருக்காது. உடையும் ஒலியைக் கேட்க, முன்னரே முழுமையான ஒன்று செவியில் இருந்தாக வேண்டும். அம்முழுமையை அவருக்குத் தந்தது அவர் ஏற்க மறுத்த சபைதான்.

இவ்வுறவை உணராமையால் விளைந்த இழப்புக்குப் பதிப்பு வரலாறே சான்று. அவர் வாழ்நாளில் பத்து அளவிலான கவிதைகளே அச்சேறின. 1886இல் அவர் மறைந்தபின், மேபல் லூமிஸ் டாடும் தாமஸ் வென்ட்வொர்த் ஹிகின்சனும் 1890இல் வெளியிட்ட முதல் தொகுப்பில் இயைபுகள் சில இடங்களில் சீராக்கப்பட்டன. இடைக்கோடுகள் வழக்கமான நிறுத்தக்குறிகளாயின. கவிதைகளுக்குத் தலைப்புகள் இடப்பட்டன. பதிப்பாசிரியர்கள் அவர்மீது மதிப்புக் கொண்டவர்களே. எனினும் வடிவத்தின் பிறழ்ச்சியைப் பயிற்சிக் குறைவாகக் கருதித் திருத்தியபோது, கவிஞர் சொல்ல மறுத்த உறுதியை அவர்கள் அறியாமலேயே அவர் வாயில் வைத்துவிட்டனர். தாமஸ் எச். ஜான்சன் 1955இல் மூன்று தொகுதிகளாகப் பதிப்பிக்கும் வரை கையெழுத்துப் படியை ஒட்டிய முழுப் பாடம் வாசகருக்குக் கிட்டவில்லை. வளர்ப்புக்கும் வடிவத்துக்கும் உள்ள உறவைத் தவறவிட்டால் விளக்கம் மட்டுமன்றிப் பாடமே சிதையும் என்பதற்கு இந்த 65 ஆண்டுகள் சான்று.

பால்ட்வின்: எதிரிக்கும் உரிய சாட்சி

ஜேம்ஸ் பால்ட்வின் 1924 ஆகஸ்ட் 2 அன்று நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பிறந்தார். அவருடைய மாற்றாந்தந்தை டேவிட் பால்ட்வின் கடுமையும் கசப்பும் மிக்க போதகர். பதினான்காம் வயதில் மனந்திரும்புதல் அனுபவம் பெற்ற ஜேம்ஸ், ஹார்லெமின் பெந்தெகொஸ்தே சபையொன்றில் சிறுவர் போதகராகி, பதினேழாம் வயதுவரை பிரசங்கம் செய்தார். பின்னர் சபையை விட்டு வெளியேறினார். 1943இல் மாற்றாந்தந்தை இறந்தார். அடக்கம் நடந்த நாள் ஜேம்ஸின் பத்தொன்பதாம் பிறந்தநாள். அப்போது ஹார்லெம் கலவரத்தால் சிதைந்து கிடந்தது. 1948இல் அவர் பாரிசுக்குச் சென்றார்.

'தி ஃபயர் நெக்ஸ்ட் டைம்' (1963) நூலின் நீண்ட கட்டுரையில், போதகரானது தந்தையோடு நிகழ்த்திய போட்டியின் பகுதியாகவும் இருந்ததை அவர் மறைக்கவில்லை. பிரசங்கத்தைத் தயாரிக்க வேண்டும் என்னும் காரணத்தால் நெரிசலான வீட்டில் அவருக்குத் தனிமை கிடைத்தது. அதைக் குலைக்கத் தந்தைக்கும் உரிமை இல்லாமற் போயிற்று. எழுத்தாளருக்குத் தேவையான முதல் தனிமையை அவருக்கு அளித்தது அவர் பின்னர் துறந்த பீடமே.

முதற் புதினமான 'கோ டெல் இட் ஆன் தி மவுண்டன்' (1953), ஜான் கிரைம்ஸ் என்னும் சிறுவனின் பதினான்காம் பிறந்தநாளைக் களமாகக் கொண்டது. அவனை வெறுக்கும் மாற்றாந்தந்தை கேப்ரியல் சபையின் மூத்தோருள் ஒருவர். இதனைத் தன்வரலாற்றுச் சாயல் கொண்ட புதினம் என்று குறிப்பிடுவதோடு பல ஆய்வுகள் அமைந்துவிடுகின்றன. தன்வரலாற்று நோக்கு மட்டுமே இயக்கியிருப்பின் இப்புதினம் தந்தையின்மேல் சுமத்தப்பட்ட குற்றப்பத்திரிகையாக முடிந்திருக்கக்கூடும். அவ்வாறு முடியாமைக்குக் காரணம் அதன் வடிவம்.

மூன்று பாகங்கள் கொண்ட இப்புதினத்தின் நடுப்பாகம் ஓர் இரவு வழிபாட்டில் மூவர் செய்யும் வேண்டுதல்களால் ஆனது: கேப்ரியலின் அக்காள் புளோரன்ஸ், கேப்ரியல், ஜானின் தாய் எலிசபெத். ஒவ்வொரு வேண்டுதலும் அவரவர் கடந்தகாலத்துக்குள் இறங்குகிறது. சபையின் சாட்சி முறை இதற்கு அடிப்படை. அங்கு எழுந்து நிற்பவர் எவராயினும், அவர் எத்தகைய பாவியாயினும், சொல்லி முடிக்கும் வரை கேட்கப்பட வேண்டியவர். அம்முறையைப் புதினம் மேற்கொண்டதால் கேப்ரியலுக்கும் உரிய இடம் கிடைத்தது. அவருடைய காமம், கைவிட்ட மகன், தென்மாநில இனவெறியின் அச்சம் அனைத்தும் அவர் உள்ளத்தின் வழியாகவே சொல்லப்படுகின்றன. வாசகர் அவரை மன்னிக்க வேண்டியதில்லை. கேளாமல் இருக்கவும் முடிவதில்லை. மகனின் கோபத்தால் வழங்க இயலாத நீதியை வடிவம் வழங்குகிறது.

பால்ட்வினின் கட்டுரைகளில் பிரசங்கத்தின் அமைப்பு மேலும் வெளிப்படை. எதிரே நிற்பவரை விளித்தல், ஒரே தொடரமைப்பை மீளச் சொல்லி உச்சம் நோக்கி ஏறுதல், கடைசியில் எச்சரித்துத் தெரிவு செய்ய அழைத்தல் ஆகியவை பீடத்தில் பயின்ற முறைகள். மீட்பர் பற்றிய கொள்கை அவற்றிலிருந்து நீங்கிவிட்டது. மனந்திரும்ப வேண்டும் என்னும் கோரிக்கை நீங்கவில்லை. அது தனிமனிதரிடமிருந்து ஒரு நாட்டின் மீது திருப்பப்பட்டது.

ஓ'கானர்: ஓர் எதிர்நிலைச் சோதனை

நம்பிக்கையைக் கைவிடாத படைப்பாளரிடம் மேற்கண்ட கருத்து எவ்வாறு நிற்கும் என்பது சோதிக்கத்தக்கது. ஜார்ஜியா மாநிலத்தின் சவான்னாவில் 1925இல் பிறந்த ஃபிளனரி ஓ'கானர், 1964இல் தம் 39ஆம் வயதில் மறையும் வரை உறுதியான கத்தோலிக்கராக வாழ்ந்தார். ஆயினும் அவருடைய 'வைஸ் பிளட்' (1952) புதினத்தின் நாயகன் ஹேசல் மோட்ஸ் புரோட்டஸ்டண்டுச் சூழலில் பிறந்தவன். ஊர் ஊராகச் சென்று பிரசங்கித்த போதகரின் பேரன். போரிலிருந்து நம்பிக்கையற்றவனாகத் திரும்பும் அவன், கிறிஸ்து இல்லாத சபை ஒன்றைத் தொடங்கித் தன் காரின்மேல் ஏறி நின்று அதனைப் பிரசங்கிக்கிறான்.

கத்தோலிக்கர் சிறுபான்மையினராக இருந்த தென்மாநிலத்தில் வளர்ந்தமையால், தம் நம்பிக்கைக்கு அயலான பிரசங்க மரபை ஓ'கானர் அணுக்கத்திலும் விலகியும் நின்று கேட்க முடிந்தது. அவ்வாறு கேட்டவர் கண்டது, மறுப்பவனும் பாட்டனாரின் பேச்சு முறையிலேயே மறுக்கிறான் என்பதை. பாட்டனாரும் காரின்மேல் நின்றே பிரசங்கித்தவர். ஹாதார்ன், டிக்கின்சன், பால்ட்வின் ஆகியோரிடம் படைப்பின் வடிவமாகச் செயற்பட்டதை ஓ'கானர் கதையின் நிகழ்ச்சியாகவே ஆக்கியுள்ளார். ஆகவே வடிவம் ஆற்றல் பெறுவதற்கு நம்பிக்கை இழப்பு ஒன்றே வழியன்று. ஒருவர் கேட்டு வளர்ந்ததற்கும் அவர் தாமாக ஏற்றதற்கும் இடையே ஓர் இடைவெளி வேண்டும். அவ்விடைவெளி விலகலாலும் அமையலாம், சிறுபான்மை நிலையாலும் அமையலாம்.

முடிவுரை

வளர்ப்பு ஒருவர் விரும்பிப் பெறுவதன்று. நம்பிக்கை, ஏற்றாலும் மறுத்தாலும், அவர்தம் முடிவு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதாலேயே வாழ்க்கை வரலாற்று அணுகுமுறை காரணம், விளைவு என்னும் எளிய கோட்டில் நின்றுவிடுகிறது. லவினியா சபையில் சேர்ந்தார், எமிலி சேரவில்லை. இருவரும் கேட்ட பாட்டுகள் ஒன்றே. வேறுபாடு வளர்ப்பில் இல்லை, அதற்கு அளித்த விடையில் இருக்கிறது. அவ்விடை எழுத்தாக வாய்த்தபோது அதன் தடம் பாடுபொருளைவிட வடிவத்தில் ஆழப் பதிந்துள்ளது.

இதனால் ஆய்வாளர் கேட்க வேண்டிய வினாவும் மாறுகிறது. படைப்பாளர் எதை நம்பினார் என்பதோடு, சிறுவயதில் எந்த ஓசையைக் கேட்டார், எந்த அவையில் அமர்ந்திருந்தார், அங்குப் பேச யாருக்கு உரிமை இருந்தது, பேச்சு எவ்வாறு முடிய வேண்டும் என எதிர்பார்க்கப்பட்டது என்பனவும் ஆராயப்பட வேண்டும். பின்னர் அந்த ஒழுங்கில் எந்த ஒன்றைப் படைப்பு நீக்கியது என்பதைக் காண வேண்டும். ஹாதார்ன் தீர்ப்பை நீக்கினார். டிக்கின்சன் முத்திரையை நீக்கினார். பால்ட்வின் மீட்பரை நீக்கினார். எஞ்சியவை விசாரணையாகவும் பாட்டாகவும் சாட்சியாகவும் நிலைபெற்றன. முதல் இயலில் எழுதப்படும் வாழ்க்கைக் குறிப்பு இந்த வினாக்களைத் தாங்கியதாக அமையும்போதுதான் பின்வரும் இயல்களுக்கு அது உண்மையான திறவுகோலாகும்.